பைசன்ஸின் நான்காவது முயற்சி

புதிதாக ஓர் அணி சேரும்போது, பழைய அணிகள் தங்களிடம் இருக்கும் ஆட்டக்காரர்களில் சிலரை அதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கால்பந்து லீகின் விதி. டன்பார் ஊரின் புது அணியான பைசன்ஸுக்கு அவை தாராளமாகவே கொடுத்தன. முழங்காலில் இரண்டு தடவை கத்தி பட்ட ஓட்டக்காரன் ஒருவன். எதிரே வருகிறவன் யாரென்று கண்ணாடி போட்டால்தான் தெரிகிற, பந்து பிடிக்கும் ஆள் ஒருவன். போன அணியில் பயிற்சியாளரின் காரை ஏரிக்குள் ஓட்டிவிட்டவன் ஒருவன். லைல் ஹாக்கடேயும் அப்படி வந்து சேர்ந்தவன்தான். அவனிடம் குறை என்று எதுவும் இல்லை. வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

லைல் ஒரு பண்டர். பத்து கஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. மூன்றில் முடியாவிட்டால், நான்காவதில் பந்தை முடிந்த மட்டும் தூரமாக உதைத்து எதிராளியிடம் கொடுத்துவிடுவது வழக்கம். அந்த உதைதான் பண்ட். லைலுக்கு அது ஒன்றுதான் வேலை. நல்ல அணியில் பண்டர் பெஞ்சில் உட்கார்ந்து கையை ஊதிக்கொண்டிருப்பான். பைசன்ஸில் லைலுக்கு உட்காரவே நேரம் கிடைக்கவில்லை.

ஊர் அணிக்கு முதலில் வைக்க நினைத்த பெயர் சூறாவளி. போன வசந்தத்தில் நிஜச் சூறாவளி ஒன்று மெதடிஸ்ட் சர்ச்சின் கூரையைத் தூக்கிக்கொண்டு போயிருந்ததால், அது வேண்டாமென்று பைசன் என்கிற காட்டெருமைக்கு வந்தார்கள். அணியின் முதலாளி வென்டல் ஸ்ட்ரதர் மெத்தைத் தொழிற்சாலை வைத்திருந்தவர். நிஜக் காட்டெருமை ஒன்றையே வாங்கி மைதானத்துக்குக் கொண்டுவந்தார். அதன் பெயர் கிளாடிஸ். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் அது மைதானத்தின் குறுக்கே ஓட வேண்டும் என்பது திட்டம். முதல் ஆட்டத்தன்று கிளாடிஸ் கோட்டோரம் வரை நடந்து வந்து படுத்தது. அந்தச் சீசன் முழுவதும் அதே இடத்தில் படுத்தது. பைசன்ஸின் ஆட்டத்தை முதலில் புரிந்துகொண்டது அதுதான்.

லைலின் மனைவி நேடீன் இந்த ஊருக்கு வந்ததும் சாமான் பெட்டிகளை கராஜில் அடுக்கினாள். பிரிக்கவில்லை. பெட்டிகளின் மேல் மூன்று ஊர்களின் பெயரை எழுதி எழுதி அடித்திருந்தாள். நான்காவதாக டன்பார்.

"தட்டு மட்டுமாவது எடுக்கக் கூடாதா?" என்று லைல் கேட்டான்.

"அடுத்த வருஷத்துக்கும் அவங்க ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடட்டும். அன்னிக்குப் பிரிக்கிறேன். போன ஊர்ல பிரிச்சு அடுக்கி வெச்ச மறு வாரம் உன்னைத் தூக்கிட்டாங்க. ஞாபகம் இருக்கா? அதுவரைக்கும் பேப்பர் தட்டுல சாப்பிடு."

"கிரேவி ஊத்தினா அடி நனைஞ்சு மடியில விழுதுடி."

"அப்ப கையெழுத்து வாங்கிட்டு வா."

லைல் அந்தக் கையெழுத்துக்காகத்தான் உதைத்தான். இந்த வயதில் இன்னோர் ஊர் கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும். நேடீனுக்கும் தெரியும். அதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

அணியில் அவனுக்கு நெருக்கமானவன் ஆரின் ப்ரூயிட். ஆரின் முன்வரிசையின் நடுவில் குனிந்து நின்று, பந்தைத் தன் கால்களுக்கு இடையே பின்னால் எறிகிறவன். தூரத்தில் லைல் அதைப் பிடித்து உதைப்பான். ஆரினின் முதுகு ஒரு சோபா அளவு இருக்கும். இந்த ஒரு வருஷம் ஆடிவிட்டு அப்பாவின் பன்றிப் பண்ணைக்கே திரும்புவதாகச் சொல்லியிருந்தான்.

"டேய் லைல், சீசன் பூரா உன்னைத் தலைகீழாவே பாத்துட்டு, இப்ப நேரா பாத்தா வேற யாரோ மாதிரி இருக்கு."

"எது பரவால்ல?"

"தலைகீழா கொஞ்சம் அழகா இருப்ப."

"கொழுப்புடா உனக்கு."

"நிஜமாத்தான். ஆனா ஒரு வருத்தம் என்னன்னா, நீ உதைக்கிறத நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல. பந்தை எறிஞ்ச அடுத்த நொடி ரெண்டு தடியனுங்க மேல விழுந்துடுவானுங்க. அடியில கிடந்து, ஜனங்க கத்துறத வெச்சுத்தான் நல்லா போச்சா இல்லையான்னு தெரிஞ்சுக்கறேன்."

பயிற்சி முடிந்த பிறகு இருவரும் டோனட்டுக்குப் பந்தயம் கட்டி ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். பந்தைக் கையிலிருந்து தரையில் விட்டு, அது எழும்புகிற கணத்தில் உதைப்பது. கோல் கம்பங்களுக்கு நடுவே போனால் ஆரின் டோனட் வாங்க வேண்டும். மிகப் பழைய காலத்து வித்தை. முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் எழும்பும் என்று யாரும் சொல்ல முடியாது என்பதால் எல்லோரும் அதைக் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் விதிகளிலிருந்து யாரும் அதை எடுத்துவிடவில்லை. ஆட்டத்திலும் அப்படிக் கம்பங்களுக்கு நடுவே அடித்தால் மூன்று புள்ளி உண்டு. லைலுக்கு அது நன்றாகவே வந்தது. ஆரின் நிறைய டோனட் வாங்கினான். அவற்றில் பெரும்பாலானவற்றை ஆரினே தின்றான்.

பைசன்ஸ் வரிசையாகத் தோற்றார்கள். வெயிலில் தோற்றார்கள், மழையில் தோற்றார்கள், அதுவரை தோற்றுக்கொண்டிருந்த அணிகளிடமும் தோற்றார்கள். டன்பார் ஜனங்கள் முதலில் கோபப்பட்டார்கள். பிறகு கிளாடிஸைப் பார்த்துப் பொறுமை கற்றார்கள். பிறகுதான் அவர்களுக்கு லைல் தெரிந்தான்.

அவன் உதைத்த பந்து குளிர்கால வானத்தில் ஏறி, விளக்குக் கம்பங்களுக்கு மேலே போய், அங்கே ஏதோ யோசிப்பதைப் போல நின்று, பிறகு இறங்கும். பைசன்ஸ் ஆடியதில் ஊர் பெருமைப்பட்டுக்கொள்ளும்படி இருந்தது அது ஒன்றுதான். ஜனங்கள் அதைப் பற்றிக்கொண்டார்கள். முதல் மூன்று முயற்சிகளுக்கும் உட்கார்ந்து பாப்கார்ன் தின்பார்கள். நான்காவதுக்கு எழுந்து நிற்பார்கள். தப்பித்தவறி அணி பத்து கஜம் முன்னேறிவிட்டால், "அடச்சே" என்று மைதானமே பெருமூச்சு விடும். மறுபடியும் மூன்று முயற்சி காத்திருக்க வேண்டுமே.

மளிகைக் கடையில் கிழவர்கள் பண்டைப் பற்றி விவாதித்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பையன்கள் யாரும் ஓடவில்லை, எல்லோரும் உதைத்தார்கள். மெதடிஸ்ட் சர்ச்சில் பாஸ்டர் கொடுக்கிற மனசைப் பற்றிப் பிரசங்கம் செய்து, உதாரணத்துக்கு லைலைக் காட்டினார். ஆட்டம் தொடங்குவதற்குள் ஜனங்கள் போய்ச் சேர வேண்டுமென்று பிரசங்கத்தைச் சீக்கிரமே முடித்தும்விட்டார். டன்பார் கூரியர் பத்திரிகை அவனுக்கு 'உதை மன்னன்' என்று பட்டம் கொடுத்து, ஒரு பக்கம் முழுக்கப் படம் போட்டது. ஸ்ட்ரதர் புது மெத்தை ஒன்றுக்கு 'ஹாக்கடே' என்று பெயர் வைத்தார். படுத்தால் பறக்கலாமாம்.

பயிற்சியாளர் கிராலிக்கும் நல்ல மனிதர். அக்டோபர் கடைசியில் அவர் மூன்றாவது முயற்சியிலேயே பண்ட் செய்யச் சொல்ல ஆரம்பித்தார்.

"இன்னும் ஒரு முயற்சி பாக்கி இருக்கே, கோச்?" என்று லைல் கேட்டான்.

"அதுல நாம என்ன கிழிக்கப்போறோம்? ஜனங்க நிக்கறாங்க பாரு. போ."

நன்றி கூறும் நாளன்று நேடீன் வான்கோழி சமைத்தாள். பேப்பர் தட்டை இரண்டு இரண்டாக அடுக்கிக் கொடுத்தும் கிரேவி லைலின் மடியில் இறங்கியது.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை ஸ்ட்ரதர் லைலைத் தன் மெத்தைக் கடைக்குக் கூப்பிட்டார். கடை நடுவில் ஒரு மெத்தையில் கோட்டோடும் ஷூவோடும் மல்லாந்து படுத்திருந்தார். வியாபாரம் எல்லாம் அவர் படுத்துக்கொண்டுதான் பேசுவார்.

"வா தம்பி. பக்கத்து மெத்தையில படு. அது உன் பேர்ல வந்ததுதான்."

லைல் படுத்தான். இருவரும் கூரையைப் பார்த்தார்கள்.

"எப்படி இருக்கு?"

"முதுகுல ஏதோ குத்துது சார்."

"அது போகப் போகச் சரியாயிடும். இங்க பாரு. சீசன் முடிவுல யாரு கடைசியோ, காலேஜ் பசங்கள்ல முதல் ஆளை அவங்கதான் எடுக்கலாம். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"இந்த வருஷம் அந்த முதல் ஆளு டேனி வாஸ்பர்க். இருபத்திரண்டு வயசு. பல்லு, முடி எல்லாம் பாத்தியா? அவன் படத்தை இப்பவே மெத்தை உறையில தைக்கக் கொடுத்துட்டேன். நாம ஞாயித்துக்கிழமை ஜெயிச்சுட்டா கிழக்கே இருக்கற ஒரு அணி நமக்குக் கீழே போயிடும். டேனி அங்க போயிடுவான்."

"நாம ஜெயிக்கறதா?"

"சிரிக்காத. எதிராளி ஏற்கெனவே அடுத்த சுத்துக்குப் போயாச்சு. அதனால நல்ல ஆளுங்களை எல்லாம் உக்கார வெச்சுட்டு மிச்சசொச்சத்தைத்தான் அனுப்பறானாம். எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. மெத்தைக்காரனுக்கே தூக்கம் வரலைன்னா பாத்துக்க."

"என்னைத் தோக்கச் சொல்றீங்களா சார்?"

ஸ்ட்ரதர் அதிர்ந்துபோய் எழுந்து உட்கார்ந்தார். "நான் அப்படிச் சொல்வேனா? நான் சர்ச்சுல டீக்கன். நீ வழக்கமா என்ன பண்றியோ அதைப் பண்ணு. ஜனங்க அதைப் பாக்கத்தான் வர்றாங்க. டிக்கெட் மொத்தமும் வித்தாச்சு, தெரியுமா? திங்கக்கிழமை காலைல வா. ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடறோம்."

லைல் வீட்டுக்கு வந்து நேடீனிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கை துடைத்துக்கொண்டே கேட்டாள். "ரெண்டு வருஷமா?"

"ரெண்டு வருஷம்."

அவள் கராஜுக்குப் போனாள். சும்மா பெட்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்தால்தான், சொந்த மைதானத்து ஆட்டத்தை உள்ளூர் டிவியில் காட்டலாம் என்று ஒரு விதி. அதனால் பைசன்ஸ் டன்பாரில் ஆடியதை டன்பார்க்காரர்கள் யாரும் அதுவரை டிவியில் பார்த்ததில்லை. ஒரு வகையில் அது ஊருக்கு நல்லதாகவே இருந்தது. இந்த ஞாயிறு முதல் தடவையாகக் காட்டப்போகிறார்கள்.

"நான் வரல. வீட்லயே பாக்கறேன்," என்றாள் நேடீன். "பாத்துக்கிட்டே தட்டெல்லாம் பிரிச்சு வெச்சிடவா?"

"நாளைக்குக் கையெழுத்து ஆகட்டுமே."

"உங்க டீம் இன்னிக்கு ஜெயிக்கவா போகுது?"

லைல் ஷூ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

பனி தூறிக்கொண்டிருந்தது. எதிராளியின் மிச்சசொச்சங்கள் உண்மையிலேயே மோசமாக ஆடினார்கள். பைசன்ஸுக்கு அப்படிப்பட்ட எதிராளிகளோடு ஆடிப் பழக்கமில்லை. ஒருவன் கைதவறி விட்ட பந்து உருண்டு வந்து ஒரு பைசன்ஸ் ஆட்டக்காரனின் காலடியில் நின்றது. அவன் பயந்துபோய் அதை எடுத்துக்கொண்டு எல்லைக்கோடு தாண்டும்வரை ஓடினான். ஆறு புள்ளி. அதற்குப் பிறகு வருகிற ஒரு புள்ளிக்கான உதையில், அணியில் கம்பங்களுக்கு நடுவே உதைக்கிற இன்னோர் ஆள் பனியில் வழுக்கி விழுந்து கணுக்காலைத் திருகிக்கொண்டான். எதிராளிக்கு ஏழு. கடைசி நிமிஷம் வரை அப்படியே நின்றது. மாடத்தில் ஸ்ட்ரதர் தொப்பியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு எதிராளி இன்னொரு தடவை பந்தைக் கைவிட்டான். எதிராளியின் கம்பங்களுக்கு வெகு பக்கத்தில் பந்து பைசன்ஸிடம் வந்தது. மூன்று முயற்சி. மூன்றிலும் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள், பந்து நகரவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லிக் கேட்கும் உரிமைகளை எல்லாம் கிராலிக் முதல் பாதியிலேயே செலவழித்திருந்தார்.

"நாலாவது!" என்று அவர் கத்தினார்.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பண்ட் செய்யும் ஆட்கள் அத்தனை பேரும் மைதானத்துக்குள் ஓடினார்கள். சீசன் முழுக்க அப்படித்தான் ஓடியிருந்தார்கள். லைலும் ஓடினான். ஜனங்கள் மொத்தமாக எழுந்து நின்றார்கள். "லைல்! லைல்!" என்று கத்தினார்கள். கிராலிக் கைகட்டி நின்று திருப்தியோடு பார்த்தார். அந்த மைதானத்தில் இருந்த யாருக்கும் இதில் தவறு எதுவும் தெரியவில்லை.

ஆரின் குனிந்தான். கால்களுக்கு நடுவே அவன் முகம் தலைகீழாகத் தெரிந்தது.

"லைல், நாம எங்க நிக்கறோம்னு பாத்தியா?"

லைல் பார்த்தான். கம்பங்கள் எதிரே, அவர்கள் டோனட்டுக்குப் பந்தயம் கட்டுகிற தூரத்தில் நின்றன.

"டேய், இங்கேருந்து எதுக்குடா பண்ட்? பந்து பார்க்கிங்லதான் போய் விழும்."

"எனக்கும் தெரியுது."

"கடிகாரம் முடியப்போகுது. எறியட்டுமா?"

வழக்கம்போல உதைத்தால் போதும். பந்து விளக்குகளுக்கு மேலே போகும், யோசித்து நிற்கும், பார்க்கிங்கில் இறங்கும். ஜனங்கள் கைதட்டுவார்கள். நாளைக்குக் கையெழுத்து. நேடீன் இந்நேரம் தட்டுகளின் தூசியைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

"நாளைக்கு நான் பன்னிக்குத் தீனி வைக்கப் போறேன்டா," என்றது அந்தத் தலைகீழ் முகம். மூக்கிலிருந்து வழிந்த இரத்தம் நெற்றிப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. "ஜெயிச்சா எப்படி இருக்கும்னு ஒரே ஒரு தடவை."

"எறி," என்றான் லைல்.

பந்து வந்தது. லைல் அதை வழக்கத்தைவிடத் தாழப் பிடித்தான். தரையில் விட்டான். அது பனியில் குத்தி நேராக எழும்பியது. உதைத்தான்.

பந்து உயரவே இல்லை. தாழ்ந்து, வேகமாக, அவலட்சணமாகத் தள்ளாடிக்கொண்டு போய், இடது கம்பத்தில் உரசி உள்ளே விழுந்தது.

ஜனங்கள் "பூ" என்று ஏளனமாகக் கத்த ஆரம்பித்தார்கள். அந்தச் சீசனிலேயே மட்டமான பண்ட்.

லைல் முன்வரிசைக்கு ஓடினான். இரண்டு தடியர்களுக்கு அடியிலிருந்து ஆரினின் குரல் வந்தது.

"போச்சாடா?"

"போச்சு."

"பொய் சொல்லாத. பூன்னு கத்தறாங்களே."

"அவங்களுக்கு இன்னும் புரியல. இரு."

புள்ளி உண்டு என்று நடுவர் இரண்டு கைகளையும் மெதுவாக மேலே தூக்கினார், தனக்கே சந்தேகம் இருப்பதைப் போல. ஸ்கோர் பலகையில் இருந்தவன் பைசன்ஸ் பக்கத்தில் மாட்ட ஒன்பதைத் தேடினான். வாங்கி வைக்கவே இல்லை போல. ஆறையே கழற்றித் தலைகீழாக மாட்டினான். அப்போதுதான் சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்தில் கிளாடிஸ் முதல் தடவையாக எழுந்து நின்றது, சுற்றிலும் பார்த்தது, மைதானத்தின் குறுக்கே ஓடியது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஜனங்கள் வெற்றியைக் கொண்டாடக் கோல் கம்பத்தைப் பிடுங்குவதில் மும்முரமாக இருந்தார்கள்.

ஆரின் எழுந்து உட்கார்ந்தான். முகமெல்லாம் சேறு. "இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டுவிட்டு, அழுதான்.

கிராலிக் ஓடி வந்து லைலின் சட்டையைப் பிடித்தார். "யாருடா உன்னை இப்படிப் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல கோச்."

"அப்ப நான் சொன்னேன்னு சொல்லிக்கலாமா?"

"சொல்லிக்கங்க."

ஜூலையிலிருந்தே இதை ரகசியமாகப் பயிற்சி செய்துவந்ததாக அவர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்.

ஸ்ட்ரதர் உடை மாற்றும் அறைக்கு வந்தார். கேமராக்கள் இருந்தவரை லைலின் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவை போனதும் தட்டுவதை நிறுத்தினார்.

"தம்பி, இன்னிக்கு உன் பந்து ரொம்பத் தாழப் போச்சு, கவனிச்சியா?"

"கவனிச்சேன் சார்."

"சீசன் பூரா இவ்வளவு தாழ நீ உதைச்சதில்ல. வயசாகுதில்ல? பண்டர்னா உயரம் வேணும். எனக்கு வருத்தமாத்தான் இருக்கு." அவர் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. "டேனியோட மூஞ்சியை அத்தனை உறையிலயும் தைச்சாச்சு. நாளைக்கு நீ வர வேண்டாம்."

லைல் வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது. வழியில் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. சிக்னலில் பக்கத்தில் நின்ற ஒருவன் கண்ணாடியை இறக்கி, "ஜெயிச்சது சந்தோஷம்தான் லைல். ஆனா கடைசியா ஒரு தடவை உயரமா உதைச்சிருக்கலாம். என் மாமனாரைக் கூட்டிட்டு வந்திருந்தேன்," என்றான்.

சமையலறை மேஜை முழுவதும் தட்டுகள். நீல விளிம்பு போட்ட, கல்யாணத்துக்கு வந்த தட்டுகள். நேடீன் ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய கூரியர் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். உதை மன்னனின் படம் ஒரு குழம்புக் கிண்ணத்தைச் சுற்றிக் கசங்கியிருந்தது.

லைல் வாசலிலேயே நின்றான். "உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. பந்து கம்பத்துக்கு உள்ள போனதும் பெட்டியை எடுத்துட்டு வந்தேன்." அவள் நிமிரவில்லை. "டிவில பேசறவன் கொஞ்ச நேரம் பேசவே இல்ல தெரியுமா? அப்புறம் நீ என்ன பண்ணினேன்னு அவன் பக்கத்து ஆளைக் கேட்டான்."

"நேடீன், நான் வந்து..."

"நல்லா உதைச்ச. அந்த டேப்பை எடு."

அவன் எடுத்துக் கொடுத்தான். அவள் பெட்டியை ஒட்டிவிட்டு, மேலே எழுதியிருந்த டன்பாரைப் பேனாவால் அடித்தாள். அதற்குக் கீழே பேனாவை வைத்து நிறுத்தினாள்.

"என்ன ஊர் எழுதட்டும்?"

"தெரியல."

"சரி. இடம் விட்டு வெக்கிறேன்."

பிறகு பெட்டியைக் காலால் ஒதுக்கினாள். இரண்டு தட்டுகளை மட்டும் அவள் சுற்றாமல் வைத்திருந்தாள். அவற்றை மேஜையில் போட்டு, உருளைக்கிழங்கு மசியலும் இறைச்சியும் வைத்து, மேலே தாராளமாகக் கிரேவி ஊற்றினாள்.

"உக்காரு. ஆறிடும்."

லைல் உட்கார்ந்தான். பாதி சாப்பிட்ட பிறகு தட்டை ஒரு கையால் தூக்கி அடியைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது.